அடுப்படியில் கேட்ட இரண்டு பேச்சுகள்: டர்பன் நகரத்து மூதாட்டி ஒருவர் குறித்த நிகழ்வு ஆய்வு

அழைத்து வந்த காரணம்

2018 அக்டோபர் இறுதியில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கும் 77 வயது மூதாட்டி ஒருவரை அவருடைய மகள் என்னிடம் அழைத்து வந்தார். உடன் கொண்டு வந்திருந்த கோப்பில், அதுவரை அவரைப் பார்த்து வந்த மருத்துவமனையின் முடிவு ஆங்கிலத்தில் மூன்றே வரிகளில் இருந்தது: தனக்குத்தானே சத்தமாகப் பேசுகிறார், இறந்துபோன கணவருடன் உரையாடுகிறார், மனப்பிறழ்வுடன் கூடிய மறதிநோய். அந்த முடிவின்பேரில் பிப்ரவரி முதல் மனப்பிறழ்வுக்கான ரிஸ்பெரிடோன் மாத்திரை கொடுக்கப்பட்டு, பேச்சு நிற்கவில்லை என்பதால் இடையில் அளவும் கூட்டப்பட்டிருந்தது. அவர் அறைக்குள் நடந்து வந்தபோது கால்களை உரசிக்கொண்டு, கைகள் வீசாமல், முகத்தில் அசைவின்றி வந்தார். அது மறதிநோயின் நடையன்று, மருந்தின் நடை என்பது பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது.

மகளின் கேள்வி ஒன்றுதான். பேச்சு இப்படியே தொடர்ந்தால் விடுதியுள்ள மருத்துவமனையில் சேர்க்க நேரிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். 2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நோயாளியின் சம்மதமின்றியும் 72 மணி நேரம் வைத்து மதிப்பிட முடியும் என்று யாரோ விளக்கியும் இருக்கிறார்கள். அதற்குக் கையெழுத்திட வேண்டுமா, வேண்டாமா?

நோயாளியும் குடும்பத்தாரும் சம்மதித்ததன்பேரில் இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. விரத நாட்களோடு தொடர்புடைய தேதிகளை மட்டும் மாற்றவில்லை. காரணம் போகப்போக விளங்கும்.

வரலாறு

இவர் பிறந்தது டர்பன் நகராட்சித் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸ் வரிசை வீடுகளில். 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் விளைவாக அங்கிருந்தவர்கள் 1960களில் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டபோது, இவரும் புதுமணப் பெண்ணாக அங்கே வந்தார். பாரக்ஸில் மாலை நேரத் தமிழ்ப் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றார். ஆங்கிலப் பள்ளியில் நான்காம் வகுப்போடு நிறுத்தப்பட்டார். பிறகு தையல் ஆலையில் முப்பது ஆண்டுகள் வேலை. ஆங்கிலம் நன்றாகவே பேசுவார், சந்தையில் பேரம் பேசும் அளவுக்கு ஜூலுவும் தெரியும். தமிழ் மட்டும் கணவரோடு பேசும் மொழியாக ஒடுங்கிவிட்டது. பிள்ளைகளுக்குப் புரியக்கூடாத பணப் பேச்சும் சண்டையும் தமிழில் நடந்தன என்று மகள் சிரித்துக்கொண்டே சொன்னார். தமிழ் அவ்வாறு பெற்றோரின் இரகசிய மொழியாகிப் பிள்ளைகளிடம் சேராமல் போன வீடுகள் இந்நகரத்தில் ஆயிரக்கணக்கில் உள்ளன.

கணவர் 2017 ஜூலையில் இறந்தார். அதன்பின் அவர் மகள் வீட்டிலேயே இருக்கிறார். சத்தமாகப் பேசுவதை வீட்டார் கவனிக்கத் தொடங்கியது சில மாதங்கள் கழித்து. முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. 2018 ஜனவரியில் காவடி விரதத்தின்போது ஒரு நாள் முற்பகலில், வியர்த்துக் கொட்ட, மகளையே அடையாளம் தெரியாமல் அவர் எதையெதையோ பேசியதைப் பார்த்த பிறகுதான் மருத்துவமனைக்குச் சென்றார்கள்.

உடல்நோய்கள்: பதினெட்டு ஆண்டுகளாக நீரிழிவு, இரத்த அழுத்தம். கிளிபென்கிளமைடு 5 மில்லிகிராம் காலையும் மாலையும், மெட்ஃபார்மின் 850 மில்லிகிராம் இருவேளையும் எடுத்து வந்தார். முன்பு மனநோய் ஏதுமில்லை. மதுப்பழக்கம் இல்லை.

ஒலிப்பதிவுகள்

"அவர் என்ன பேசுகிறார்?" என்று கேட்டபோது மகளால் பதில் சொல்ல முடியவில்லை. முந்தைய கோப்பிலும் அதற்குப் பதில் இல்லை. பேசுகிறார் என்பது பத்து இடங்களில் எழுதப்பட்டிருந்தது. பேசியது எது என்பது ஓரிடத்திலும் இல்லை. தென்னாப்பிரிக்க அரசமைப்புச் சட்டத்தின் ஆறாம் பிரிவு மதித்து வளர்க்கப்பட வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆயினும் ஒரு கிழவியின் பேச்சைக் கேட்டுச் சொல்ல அந்த மருத்துவமனையில் ஒருவரும் இருக்கவில்லை.

நல்லவேளையாக, பல்கலைக்கழகத்தில் படிக்கும் பேத்தி தன் கைபேசியில் ஒன்பது பதிவுகள் எடுத்து வைத்திருந்தாள். மொத்தம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நான் வேலூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். 1860 முதல் 1911 வரை மதராஸ் துறைமுகம் வழியாக நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் ஏராளம் என்று படித்திருந்தாலும், அந்தக் கைபேசியிலிருந்து என் பாட்டியின் பேச்சு அப்படியே வெளிவந்தபோது சற்று நேரம் குறிப்பெடுக்க மறந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பதிவுகளில் பெரும்பாலானவை இவ்வாறு இருந்தன: "உப்பு போட்டாச்சு. மஞ்சத்தூளு போட்டாச்சு. இப்ப இன்னா? புளி. புளிய கரைச்சி வச்சேனா? வச்சேன், தோ இங்க கீது." குரல் நிதானமாக, கைவேலையின் வேகத்துக்கு ஏற்ப நகர்கிறது. கரண்டி விழும் சத்தம் கேட்டதும் "சரி, வுடு" என்று தானே சொல்லிக்கொள்கிறார். மருமகனின் கார் வரும் ஓசை கேட்டால் பேச்சு முணுமுணுப்பாகத் தணிந்து நின்றுவிடுகிறது.

மூன்று பதிவுகளில் அவர் கணவரை விளித்துப் பேசுகிறார்: "ஏங்க, கரண்டு பில்லு வந்துகீது. போன மாசத்தவிடக் கூட. இவங்க லைட்ட அணைக்கவே மாட்டேங்கறாங்க. நீங்க இருந்தா கத்துவீங்க." இதில் நான் கூர்ந்து கேட்டது அவருடைய சொற்களைக் காட்டிலும் அவற்றுக்கிடையேயான இடைவெளிகளைத்தான். எதிரிலிருந்து குரல் வருவதாக ஒருவர் உணர்ந்தால் பேச்சு நிற்கும், கேட்கும், அந்தப் பதிலுக்கு ஏற்பத் திரும்பும். சில வேளைகளில் மறுக்கும், அஞ்சும், திட்டும். இங்கே அப்படி ஒன்றுமில்லை. ‘நீங்க இருந்தா’ என்ற நிபந்தனையே அவர் இல்லை என்பதை அறிந்த மனத்தின் இலக்கணம்.

ஒரே ஒரு பதிவு வேறு மாதிரி இருந்தது. "யாரு... அந்த வண்டிய... தண்ணி மேல... வுடு, அம்மா வுடு..." சொற்கள் குழறி, வாக்கியம் முடியாமல், ஒன்றோடொன்று ஒட்டாமல் விழுகின்றன. பேத்தி "ஆயா, ஆயா" என்று அழைப்பது பின்னணியில் கேட்கிறது. அதற்கு அவர் எதிர்வினையே காட்டவில்லை. பதிவின் தேதி 2018 செப்டம்பர் 29, நேரம் முற்பகல் 11.05.

ஆங்கிலக் கோப்பு இவ்விரண்டையும் ஒரே தொடரால் குறித்திருந்தது. தமிழில் முதலாவதைப் பிதற்றல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கடைசிப் பதிவைப் புலம்பல் என்றும் சொல்லமாட்டார்கள். முணுமுணுத்தல், புலம்பல், உளறல், பிதற்றல் என்று நாம் தனித்தனியே பெயரிட்டு வைத்திருப்பதில் ஓரளவுக்கு நோயறியும் முறையே அடங்கியிருக்கிறது.

நேர்காணலும் சோதனைகளும்

தமிழில் பேசத் தொடங்கியதும், மருந்தால் இறுகிய முகத்திலும் ஒரு மாற்றம் தெரிந்தது. "ஆயா, தாத்தா பதில் சொல்றாரா?" என்று கேட்டேன். "செத்துப்போனவரு எப்படிம்மா பதில் சொல்லுவாரு? நான் இன்னா பைத்தியமா?" என்றார். பிறகு ஏன் அவரிடம் பேசுகிறீர்கள் என்றதற்கு, "தமிழு வேற யாருகிட்ட பேசறது, கண்ணு?" என்றார். அடுப்படியில் வரிசையாகச் சொல்லிக்கொள்வது ஏன் என்று கேட்டேன். கணவர் இறந்த துக்கத்தில் இருமுறை அடுப்பை அணைக்க மறந்து மகள் கோபித்துக்கொண்டதாகவும், வாய்விட்டுச் சொன்னால் மறப்பதில்லை என்று கண்டுகொண்டதாகவும் விளக்கினார்.

குரல் ஏதேனும் கேட்டதுண்டா என்பதற்கு உண்மையாகவே பதில் சொன்னார். கணவர் இறந்த முதல் சில மாதங்களில், விடியற்காலையில் அவர் இருமும் ஓசை இரண்டு மூன்று முறை கேட்டிருக்கிறது; எழுந்து உட்கார்ந்து அழுதிருக்கிறார்; பிறகு கேட்கவில்லை. கட்டளையிடும் குரல், தன்னைப் பற்றிப் பேசிக்கொள்ளும் குரல்கள், யாரோ தீங்கு செய்வதாக எண்ணம் ஆகிய எதுவும் இல்லை. முற்பகலில் குழறிய நாட்களைப் பற்றி அவருக்கு நினைவே இல்லை.

அக்டோபர் 2 அன்று முந்தைய மருத்துவமனையில் எடுத்த, நினைவையும் சிந்தனையையும் சோதிக்கும் ‘மினி மென்டல்’ தேர்வில் அவர் 30க்கு 21 பெற்றிருந்தார். 1975 முதல் உலகெங்கும் பயன்படும் தேர்வு அது, பயனுள்ளதும்கூட. ஆனால் தாளை வாங்கிப் பார்த்தபோது, இழந்த ஒன்பது மதிப்பெண்களில் ஏழு எங்கே போயின என்று தெரிந்தது. ‘வேர்ல்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பின்னோக்கி எழுத்துக்கூட்டச் சொன்னதில் நான்கு. ‘நோ இஃப்ஸ், ஆண்ட்ஸ் ஆர் பட்ஸ்’ என்ற தொடரைத் திருப்பிச் சொல்லாததில் ஒன்று. மாதமும் தேதியும் கேட்டதற்கு ‘புரட்டாசி பதினாறு’ என்று சொன்னதில் இரண்டு. வீட்டில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அக்டோபர் 2 புரட்டாசி 16தான்.

செவிச் சோதனையில் இரு காதுகளிலும் மிதமான கேட்புக் குறைபாடு இருந்தது. தான் பேசுவது எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்று அவருக்குத் தெரியாது; ‘சத்தமாக’ என்ற சொல்லுக்கு அதுவே போதுமான விளக்கம். தைராய்டு, பி12, சிறுநீர்த் தொற்று ஆகியவற்றில் குறையில்லை. சிறுநீரக வடிகட்டும் திறன் 41ஆகக் குறைந்திருந்தது. மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.3 சதவீதம். நடுத்தர வயதினருக்கு அது பாராட்டத்தக்க எண். சிறுநீரகம் தளர்ந்த 77 வயதில், கிளிபென்கிளமைடு எடுப்பவருக்கு, அது எச்சரிக்கை.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனை சொன்னபடி மகள் ‘மோசமான நாட்களை’ நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருந்தார்: ஜனவரி 24, 27, செப்டம்பர் 22, 29, அக்டோபர் 13. அந்தத் தாளை நான் முதல் சந்திப்பிலேயே கையில் வாங்கிப் பார்த்தேன். ஜனவரி 31 தைப்பூசம் என்பதும், செப்டம்பரிலும் அக்டோபரிலும் வந்தவை புரட்டாசிச் சனிக்கிழமைகள் என்பதும் எனக்கு உறைக்கவில்லை. கேள்வி கேட்க மொழி இருந்தும், விரதம் இருப்பீர்களா என்று நான் கேட்கவில்லை. இரத்த ஆய்வு முடிவுகள் வரும் வரை, பேச்சு மாறும் நேரத்தில் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும்படி மகளிடம் வழக்கமான அறிவுரையாகச் சொல்லி அனுப்பினேன்.

நவம்பர் 10

கந்த சஷ்டி விரதத்தின் மூன்றாம் நாள், சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு வழக்கம்போல் மாத்திரை போட்டு, சர்க்கரை இல்லாத கட்டங்காபி மட்டும் குடித்திருக்கிறார். 11.20 மணிக்கு அடுப்படியில் அவர் தடுமாறிப் பேசுவதைக் கேட்ட மகள், வியர்வையைக் கண்டு உடனே விரலில் குத்திப் பார்த்தார்: 2.7 மில்லிமோல், இயல்பைவிட மிகக் குறைவு. சர்க்கரைக் கரைசலைக் கொடுத்ததும் கால் மணி நேரத்தில் பேச்சு தெளிந்து, ‘ஏன் எல்லாரும் என்னைச் சுத்தி நிக்கறீங்க?’ என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்.

அறிகுறி, அந்நேரத்தில் குறைந்த சர்க்கரை, சர்க்கரை கொடுத்ததும் அறிகுறி மறைதல் என்ற மூன்றும் சேர்ந்தால் அது தாழ்சர்க்கரை நிலை என்பது விப்பிள் என்ற அறுவை மருத்துவர் வகுத்த பழைய விதி. கிளிபென்கிளமைடு உணவு வந்ததா, வரவில்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டிக்கொண்டே இருக்கும்; அதன் சிதைபொருள்களும் வீரியமுள்ளவை, அவை சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வட்டமிட்ட ஐந்து நாட்களும் உச்சிப் படையல் வரை உண்ணாத நாட்கள். புரட்டாசியின் மற்றொரு சனிக்கிழமையான அக்டோபர் 6 அன்று ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று விசாரித்தேன். அன்று கோயிலுக்குப் போயிருந்தார்; காலையிலேயே சர்க்கரைப் பொங்கல் பிரசாதம் கிடைத்திருக்கிறது.

விவாதம்

ஆக, ஒரே பெண்மணியிடம் முற்றிலும் வேறான இரண்டு பேச்சுகள் இருந்தன. ஒன்று நாள்தோறும் நிகழ்வது, தெளிந்த உணர்வோடு, வேலையோடும் துக்கத்தோடும் பொருந்தி வருவது. மற்றொன்று ஆண்டில் சில நாட்கள் மட்டும், மூளைக்குச் சர்க்கரை எட்டாதபோது வருவது. முதலாவதற்கு நோய் என்று பெயரிட்டதால் இரண்டாவதைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. உயிருக்கு ஆபத்தானதோ இரண்டாவதுதான்.

தனக்குத்தானே உரக்கப் பேசுவது மனச்சிதைவு நோயின் வரையறையில் ஓர் அளவுகோலாக இல்லை. மாயப்புலனுணர்வு, திரிபெண்ணம், ஒழுங்கு குலைந்த பேச்சு போன்றவையே அளவுகோல்கள். குரல்களுக்குப் பதில் சொல்வதாக அப்பேச்சு இருந்தால், அது அவற்றில் ஒன்றின் வெளித்தோற்றம், அவ்வளவே. ருஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1930களில் காட்டியபடி, குழந்தை முதலில் வாய்விட்டுப் பேசியே தன் செயலை நடத்துகிறது. பள்ளி வயதில் அப்பேச்சு உள்ளே இறங்கி எண்ணமாகிறது. வேலை கடினமாகும்போது மீண்டும் வெளியே வருகிறது. தேடும் பொருளின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே தேடியவர்கள், பழக்கமான பொருள்களை விரைவாகக் கண்டுபிடித்ததாக லூப்யானும் ஸ்விங்லியும் 2012இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ‘புளிய கரைச்சி வச்சேனா? வச்சேன்’ என்பது இதே உத்தி. அடுப்பை மறந்தவர் தாமே கண்டுபிடித்த மருந்து அது. அதை நிறுத்தத்தான் நாம் மாத்திரை கொடுத்தோம்.

இறந்தவரோடு பேசுவதும் அரிதன்று. 1971இல் வேல்ஸ் நாட்டு மருத்துவர் ரீஸ், துணையை இழந்த 293 பேரை நேரில் கண்டு எழுதிய கட்டுரையில், ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தவரின் இருப்பை ஏதோ ஒரு வகையில் உணர்ந்திருந்தனர், 13 சதவீதத்தினர் குரல் கேட்டிருந்தனர், 11.6 சதவீதத்தினர் அவரோடு பேசியிருந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இதை மருத்துவரிடம் சொல்லியதே இல்லை. நம் வழக்கிலோ ஒப்பாரி என்பதே இறந்தவரை முன்னிலையில் நிறுத்திப் பேசும் பாட்டு. அகமரபில் நெஞ்சொடு கிளத்தல் என்று ஒன்று இருப்பதும் யாவரும் அறிந்தது. துக்கம் ஓராண்டைக் கடந்தும் அன்றாட வாழ்வை முடக்கினால் அதை நீடித்த துயர நிலையாகக் கருத வேண்டும். ஆனால் இவர் சமைக்கிறார், சந்தைக்குப் போகிறார், கோயிலுக்குப் போகிறார். முதியோர் மனச்சோர்வு அளவையிலும் 15க்கு 3 மட்டுமே பெற்றார்.

எனினும், பேச்சு எல்லாமே இயல்புதான் என்று கதவைச் சாத்திவிடுவதும் முந்தைய மருத்துவமனை செய்த தவறின் மறுபக்கமே. யாரும் வந்தால் பேச்சு நிற்கிறதா. ஏன் பேசினோம் என்று அவரால் சொல்ல முடிகிறதா. எதிர்க்குரலுக்காக இடைவெளி விடுகிறாரா. பேசும்போது அழைத்தால் திரும்புகிறாரா. பேச்சு திடீரென்று மாறியதா. எந்த நேரத்தில், என்ன சாப்பிட்ட பிறகு, எந்த மருந்துக்குப் பின்? இவற்றில் கடைசி இரண்டைக் குடும்பத்தார்தான் கவனித்துச் சொல்ல முடியும். முதியவர்களிடம் சில மணி நேரத்தில் தோன்றி ஏறி இறங்கும் குழப்பப் பேச்சு, வேறு காரணம் நிரூபணமாகும் வரை உடல்நோயின் அறிகுறியே.

ரிஸ்பெரிடோன் பற்றி ஒரு வார்த்தை. மறதிநோயுள்ள முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005ஆம் ஆண்டிலேயே கறுப்புக் கட்ட எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. மறதிநோய் இருப்பதாகவே நம்பியிருந்தாலும், பேச்சு சத்தமாக இருக்கிறது என்பது அதைத் தொடங்கவும் கூட்டவும் போதிய காரணமன்று.

சிகிச்சையும் தொடர்கவனிப்பும்

கிளிபென்கிளமைடு அன்றே நிறுத்தப்பட்டது. சிறுநீரகத் திறனைக் கருதி மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் இருவேளையாகக் குறைக்கப்பட்டது. ரிஸ்பெரிடோனை மூன்று வாரங்களில் படிப்படியாக நிறுத்தினோம். ஆறு வாரங்களில் கைவீச்சு திரும்பியது. ஜனவரியில் தமிழில் நடத்திய தேர்வில் 27 மதிப்பெண். கையெழுத்துக் கேள்விக்கு அவசியம் இல்லாமல் போயிற்று.

விரதத்தை விடச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் விட்டிருக்கமாட்டார். 2019 ஜனவரி 21 தைப்பூசத்துக்கு முந்தைய பத்து நாட்களும் மூன்று மணிக்கொருமுறை பாலும் வாழைப்பழமும் எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். பாலும் பழமும் முருகனுக்கு ஆகும் என்று பூசாரியிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே ஒப்புக்கொண்டார் என்பதைச் சேர்க்க வேண்டும். அந்நாட்களில் பார்த்த அளவுகள் 6க்கும் 9க்கும் இடையில் இருந்தன. மார்ச்சில் மூன்று மாதச் சர்க்கரை 7.4, அவர் வயதுக்கு அது போதும். செவிக்கருவி வாங்கப்பட்டது, ஆனால் பாதி நாள் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. பேச்சு தொடர்கிறது, குரல் மட்டும் சற்றுத் தணிந்திருக்கிறது.

2019 செப்டம்பர் 28, புரட்டாசி இரண்டாம் சனி, முற்பகலில் மகள் தொலைபேசியில் அழைத்தார். அம்மா அடுப்படியில் பேசிக்கொண்டிருக்கிறார் என்றார். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டேன், 6.8 என்றார். என்ன பேசுகிறார் என்று கேட்டேன். சற்று நேரம் மறுமுனையில் அமைதி, பிறகு, தட்டுத் தடுமாறி, தமிழில் சொன்னார்: "அடுப்பு அணைச்சாச்சா, கேக்குறாங்க. நான் போய் பாத்தேன். அணைச்சாச்சு."